திரைக்குப் பின்னால் 24 உடைகள்: மணப்பெண் உடை அணிவகுப்பு நடத்தித்தரும் ஒரு நிறுவனம் பற்றிய மதிப்புரை

மணப்பெண்களுக்கான கவுன்களை வடிவமைத்துத் தைக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றை நடத்துபவள் நான். இந்தப் பருவத்துக்கான 24 புதிய உடைகளைக் கடைக்காரர்களுக்கும் வாங்குநர்களுக்கும் காட்டுவதற்காக, அணிவகுப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்தித்தரும் நிறுவனம் ஒன்றை முதன்முறையாக அமர்த்தினேன். அதுவரை பலர் சேர்ந்து நடத்தும் கண்காட்சிகளில் நான்கைந்து உடைகளை மட்டும் மேடையேற்றிய அனுபவம்தான் எனக்கு இருந்தது. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. என் குறைகளை அவர்களிடமே எழுத்தில் தெரிவித்திருக்கிறேன். அதற்கான பேச்சு இன்னும் முடியவில்லை. ஆயினும் இத்தகைய சேவையை முதன்முறையாக நாடுபவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை விரிவாக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஓர் உடையை மாடலுக்கு அணிவித்து மேடைக்கு அனுப்புவதில் இவர்களுக்கு இணையானவர்களை நான் கண்டதில்லை, அதே உடையைக் கழற்றி உரியவரிடம் ஒப்படைப்பதில் இவர்கள் காட்டிய அலட்சியத்தையும் நான் வேறெங்கும் கண்டதில்லை.

மணப்பெண் உடைகளுக்கான அணிவகுப்பு ஏன் தனி வகையான வேலை என்பதைச் சொல்லாமல் இவர்களுடைய திறமையை விளக்க முடியாது. பாரிசின் உயர் தையற்கலை அணிவகுப்புகளில் மணப்பெண் உடையைக் கடைசியாக அனுப்புவது நெடுநாளைய மரபு; 1965இல் வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் அவ்வாறு அனுப்பிய மணப்பெண், கம்பளி நூலால் கையில் பின்னிய கூடு ஒன்றுக்குள் முகம் மட்டும் தெரிய நடந்து வந்தது இன்றும் பேசப்படுகிறது. அந்த ஒற்றை உடைக்காகத் திரைக்குப் பின்னால் இருக்கும் கைகளெல்லாம் காத்திருக்கும், நேரமும் இருக்கும். எங்கள் அணிவகுப்பிலோ 24 உடைகளும் அந்தக் கடைசி உடையைப் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே இறுக்கிக் கட்ட வேண்டிய கார்செட் உண்டு, தரையில் இழுபடும் ட்ரெயில் உண்டு, தலையில் செருக வேண்டிய வெய்ல் உண்டு. சாதாரண உடைக்கு ஓர் உதவியாளர் போதும் என்றால் இவற்றுக்கு இருவர் வேண்டும். வழக்கமான ஃபேஷன் ஷோக்களை மட்டுமே நடத்திப் பழகிய நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

இவர்கள் தடுமாறவில்லை. முதல் சந்திப்பிலேயே என் உடைகளின் படங்களைப் பார்த்து வியக்கும் சம்பிரதாயத்தை ஒதுக்கிவிட்டு, நிரப்பித் தருமாறு ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். ஒவ்வோர் உடையின் எடை, ட்ரெயிலின் நீளம், பாவாடையின் விரிவு, அது மூடப்படுவது ஜிப்பாலா ஹூக்காலா கயிற்றாலா பொத்தான்களாலா, உள்ளே தனிப் பாவாடை உண்டா, வெய்ல் சீப்பில் தைக்கப்பட்டதா தனியாகக் குத்த வேண்டியதா என்று அதில் கேட்டிருந்தார்கள். நானே அதுவரை என் உடைகளை எடை போட்டதில்லை. மணி வேலைப்பாடு நிறைந்த ஓர் உடை ஏழு கிலோவைத் தாண்டியது என்பதை அந்தப் படிவத்துக்காகத்தான் தெரிந்துகொண்டேன். அந்த உடையை ஒல்லியான புதிய மாடல் ஒருவருக்கு ஒதுக்க நான் நினைத்திருந்தேன். எடையைப் பார்த்ததும் அவர்கள் அதை அனுபவமுள்ள வேறொருவருக்கு மாற்றினார்கள். கனமான பாவாடை ஒவ்வோர் அடிக்கும் பின்னுக்கு இழுக்கும், அதை இடுப்பால் தள்ளி நடக்கத் தெரியாதவர்கள் முன்னே சாய்ந்துவிடுவார்கள் என்று அவர்கள் சொன்ன காரணம் ஒத்திகையில் சரியென்று தெரிந்தது.

நடைமேடையின் வடிவத்தில் எங்களுக்குள் முதல் கருத்து வேறுபாடு எழுந்தது. அரங்கின் நடுவே நேராக ஓடும் மேடையையே நான் விரும்பினேன். பார்வைக்கு அதுதான் கம்பீரம் என்பது என் எண்ணம். அவர்கள் மறுத்தார்கள். வாதம் செய்துகொண்டிருக்காமல், தங்கள் கிடங்கின் தரையில் நான் கேட்ட அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, என் உடைகளில் இரண்டை அணிந்த இருவரை எதிரெதிரே நடக்கச் செய்தார்கள். போகிறவரின் ட்ரெயில் இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பின்னால் பரவிக் கிடக்க, வருகிறவரின் பாவாடை அதன் ஓரத்தை வாரிக்கொண்டு போனது. குதிகால் ஒன்று லேஸின் மீது பதிந்ததும் நானே நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் சென்று மறுபக்கம் திரும்பும் வளைவான பாதை, யாரும் யாரையும் கடக்க வேண்டாத ஒருவழிப் பாதை என்று முடிவானது. திரும்பும் இடத்தை மட்டும் அகலமாக வைத்தார்கள்; ட்ரெயில் அணிந்தவர் நின்ற இடத்திலேயே சுழன்றால் துணி காலில் சுற்றிக்கொள்ளும் என்பதால், சிறு வட்டமடித்துத்தான் திரும்ப வேண்டும். தரைக்கு என்ன விரிப்பது என்பதிலும் அவர்கள் யோசித்திருந்தார்கள். கம்பளம் விரித்தால் அடிவிளிம்பிலுள்ள மணிகளும் லேஸும் அதன் இழைகளில் சிக்கும். பளபளப்பான வெள்ளைத் தரையில் வெள்ளை உடையின் விளிம்பே தெரியாது, காலும் வழுக்கும். ஆகவே மங்கலான சாம்பல் நிற வினைல். அதன் மீது போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையை, பார்வையாளர்கள் அமர்ந்த பிறகு, தொடங்குவதற்குப் பத்து நிமிடங்கள் முன்னதாகத்தான் உரித்தெடுத்தார்கள்.

ஃபிட்டிங் நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 12 மாடல்கள், ஒருவருக்கு இரண்டு உடைகள். அணிந்ததும் முன்னும் பின்னும் படமெடுத்து, எண்ணிட்டு, காலணி, காதணி, வெய்ல் உட்பட அனைத்தையும் குறித்து ஒரு பலகையில் வரிசையாக ஒட்டினார்கள். மாதிரி உடைகள் ஒரே அளவில் தைக்கப்பட்டவை என்பதால் சிலருக்கு முதுகில் துணியைப் பிடித்து ஊக்கு குத்த வேண்டியிருந்தது. இந்த ஊக்குகளைப் பற்றிப் பின்னர் வேறு காரணத்துக்காகப் பேச வேண்டியிருக்கிறது.

வரிசையை அவர்கள் அமைத்த விதம் எனக்குப் பெரும் பாடமாக இருந்தது. அழகின் அடிப்படையில் நான் ஒரு வரிசை எழுதிக் கொடுத்திருந்தேன்: எளியவை முதலில், ஆடம்பரமானவை இறுதியில். அதை வாங்கிக்கொண்ட மேடை மேலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒருவருக்குப் பின் ஒருவராக 35 நொடி இடைவெளியில் அனுப்பினால், முதலில் சென்றவர் தம் இரண்டாம் உடையில் 13ஆவதாக மீண்டும் செல்வதற்கு ஏழு நிமிடங்கள் இருக்கும். அதில் நடைக்கு 70 நொடி கழியும். வாசலில் வரிசையில் நின்று ட்ரெயிலைச் சரிசெய்ய ஒன்றரை நிமிடம் கழியும். மிஞ்சுவது நான்கு நிமிடமும் சில நொடிகளும். என் 13ஆம் உடையின் முதுகில் 42 சிறு பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் வளையம். கையால் போட்டால் ஒரு பொத்தானுக்கு ஐந்தாறு நொடி ஆகும், அதாவது இருக்கும் நேரம் முழுவதும் பொத்தானுக்கே போய்விடும். இரண்டு வழிகள் இருந்தன: பொத்தான்களுக்கு அடியில் மறைவாக ஜிப் வைப்பது அல்லது அந்த உடையை அதே மாடலின் முதல் உடையாக்குவது. பட்டுத் துணியைப் பிரித்து ஜிப் வைக்க எனக்கு மனமில்லாததால் வரிசை மாறியது. என் கதையோட்டம் சற்றுக் குலைந்தது உண்மைதான். ஆனால் பாதிப் பொத்தானுடன் ஒருவர் மேடையேறுவதைக் காட்டிலும் அது மேல்.

நிகழ்ச்சி நாளன்று காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது பின்னறை ஏற்கெனவே ஒழுங்காக இருந்தது. தரை முழுவதும் துவைத்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள். அவற்றின் மீது காலணியோடு யாரும் ஏறக் கூடாது. உடைகளைத் தொங்கவிடும் ஸ்டாண்டுகள் ஆளுயரத்தை மிஞ்சியவை. சாதாரண ஸ்டாண்டில் மாட்டினால் ட்ரெயில் தரையில் மடிந்து கிடக்கும். மணி வேலைப்பாடுள்ள கனத்த உடைகளைத் தோள்பட்டையில் மாட்டவே இல்லை, எடையால் தோள் நீண்டுவிடும். இடுப்பின் உட்புறம் தைத்த நாடாக்களில் மாட்டியிருந்தார்கள். மிகக் கனமான இரண்டை மேசை மீது படுக்க வைத்திருந்தார்கள். நீராவியிடும் பெண்மணி சாட்டினுக்கு உட்புறமிருந்தே ஆவி பிடித்தார். பட்டுச் சாட்டினில் ஒரு துளி தண்ணீர் தெறித்தாலும் வட்டமாகத் தடம் விழும், குழாய் நீரில் உள்ள உப்புகள் கருவியில் படிந்து அப்படித் தெறிக்கச் செய்யும் என்பதால் காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்றினார். சம்கி வைத்த பகுதிகளை அவர் தொடவே இல்லை. பிளாஸ்டிக் சம்கி சூட்டில் சுருண்டுவிடும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்குத்தான் அவர் சொன்னார். உடை அணிவிக்கும் ஒவ்வொருவர் கையிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை இருந்தது. தலை வழியாகப் போட வேண்டிய உடைகளுக்கு முன்னதாக மாடலின் முகத்தின் மீது மெல்லிய துணி உறை ஒன்றைப் போட்டார்கள். அதனால் முகப்பூச்சு உடையிலும் உடையின் மணிகள் கூந்தலிலும் படாமல் தப்பின. உடை அணிந்த பிறகு யாருக்கும் உட்கார அனுமதி இல்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும், அதுவும் ஸ்டிராவால்.

அணிவிப்பவர்களுக்குத் தலைமை தாங்கிய மூத்த பெண்மணியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இடுப்பில் ஒரு சிறு பை. அதில் ஊசி நூல், இருபக்கமும் ஒட்டும் டேப், தோல் நிற நாடா, பவுடர், ஒரு வெள்ளைச் சாக்பீஸ், ஒரு குரோஷே ஊசி. அந்த ஊசியால் வளையத்தைப் பிடித்து இழுத்துப் பொத்தானை நுழைத்த வேகத்தைப் பார்த்தபோது, 42 பொத்தான்களையும் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார் என்று தோன்றியது, முடித்தும் விட்டார். ஒன்பதாம் உடையை அணிவிக்கையில் மாடலின் உதட்டுச் சாயம் மார்புப் பகுதியில் பட்டுவிட்டது. நான் பதறிப்போனேன். அவர் கறையைத் தேய்க்கவில்லை; மேலாகப் பவுடரை ஒற்றி, சாக்பீஸை மெல்லப் பூசி, அவ்விடத்தில் பூங்கொத்தைச் சற்று உயர்த்திப் பிடிக்குமாறு மாடலிடம் சொல்லி அனுப்பிவிட்டார். தேய்த்திருந்தால் எண்ணெய்ப் பசை இழைக்குள் இறங்கிக் கறை நிலைத்திருக்கும். அரங்கில் எவருக்கும் தெரியவில்லை, படங்களிலும் இல்லை.

ஒளியமைப்பில் அவர்கள் ஒருமுறை தவறி, பிறகு திருத்திக்கொண்டார்கள். 1840இல் விக்டோரியா அரசி வெள்ளைச் சாட்டினும் லேஸும் அணிந்து மணந்த பின்னர் மேலை உலகில் வெள்ளை உடை மணப்பெண்ணின் அடையாளமாகப் பரவிய வரலாறு பலரும் அறிந்ததே. அந்த வெள்ளை மேடை விளக்குக்கு எவ்வளவு தொல்லை தரும் நிறம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். முன்னாலிருந்து வலுவான விளக்கைப் பாய்ச்சினால் லேஸும் மடிப்பும் மறைந்து உடை வெற்றுக் காகிதம்போல் தெரியும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வரும் ஒளியில்தான் பூவேலை எழுந்து நிற்கும். நிறமும் அவ்வாறே (ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்): 3200 கெல்வின் அளவிலான மஞ்சள் சார்ந்த ஒளியில் தந்த நிற உடை அழகாகவும் தூய வெள்ளை பழசாகவும் தோன்றும், பகல் ஒளி போன்ற 5600 கெல்வினில் நிலைமை தலைகீழாகும். என் தொகுப்பில் இரண்டும் கலந்திருந்தன. இதையெல்லாம் அவர்களின் விளக்குக் கலைஞர் நன்கறிந்திருந்தார். ஆனால் தொடக்கக் காட்சிக்கு அவர் ஊதா ஒளியைத் தேர்ந்ததுதான் பிழை. பாலியெஸ்டர் நெட்டிலும் நூலிலும் வெண்மை கூட்டும் இரசாயனம் சேர்ந்திருக்கும். ஊதா ஒளி பட்டதும் அது நீலமாக மின்னும், சாயமேற்றாத இயற்கைப் பட்டோ அப்படி மின்னாது. ஒத்திகையில் முதல் உடை நுழைந்தபோது, மேற்சட்டை மங்கலாகவும் பாவாடை நீலச் சுடராகவும், தையல் நூல்கள் எல்லாம் கோடு கோடாகவும் ஒளிர்ந்தன. எனக்கும் விளக்குக் கலைஞருக்கும் பேச்சு வரவில்லை. அரை மணி நேரத்தில் அந்தக் காட்சி நீக்கப்பட்டது. முழு உடையோடும் முழு விளக்கோடும் ஒத்திகை வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். அவர்களுடைய வழக்கமான திட்டத்தில் மாடல்கள் சொந்த உடையில் நடக்கும் ஒத்திகை மட்டுமே இருந்தது. இதை ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன்.

நிகழ்ச்சி இறுதி நடையோடு சேர்த்து 17 நிமிடம் ஓடியது. அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை, ஏனெனில் நான் பார்க்கவே இல்லை. திரையின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஹெட்செட்டில் மேடை மேலாளரின் குரல் ஏற்ற இறக்கமின்றி எண்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. வாசலில் ஒருவர் குனிந்து ஒவ்வொரு ட்ரெயிலையும் விசிறிபோல் விரித்துவிட்டு விலகிக்கொண்டிருந்தார். 17ஆம் எண்ணின் வெய்ல் சீப்போடு நழுவியபோது, மேலாளர் அவசரப்படாமல் 18ஐ முன்னே அனுப்பிவிட்டு, விளக்குக்கும் இசைக்கும் அந்த மாற்றத்தை இரண்டே சொற்களில் அறிவித்தார். இசை நன்றாக இருந்தது. புகைப்படக்காரர்களுக்கான படிமேடை, வெள்ளை உடை சாம்பலாகப் பதியாதிருக்க அவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்த ஒளி அளவுக் குறிப்பு, விருந்தினர் இருக்கைகள் எல்லாவற்றிலும் சொன்னபடி நடந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சீர்கேடு தொடங்கியது. இறுதி நடையில் 12 மாடல்களும் தொடராக வந்து பின்னறைக்குள் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். அவர்களோடு பூங்கொத்துகளும் விருந்தினர்களும் கைப்பேசிகளும் நுழைந்தன. காலை முதல் ஒருவரையும் உள்ளே விடாத வாயிற்காவலர் அப்போது அங்கே இல்லை. அணிவிக்கும் பணியாளர்களுக்கான ஒப்பந்த நேரம் ‘நிகழ்ச்சி முடியும் வரை’ என்றிருந்ததால், 24 பேரில் பெரும்பாலோர் கையுறைகளைக் கழற்றிவிட்டுக் கிளம்பினார்கள். அந்த மூத்த பெண்மணியும் வேறொரு பணிக்குச் செல்ல வேண்டியிருந்தது. இருவர் சேர்ந்து அணிவித்த உடையை மாடல் தனியாகக் கழற்ற முயன்றால் என்னாகும்? பொத்தான் வளையங்கள் அறுந்தன. ஒருவர் பாவாடையை அப்படியே கீழே நழுவவிட்டு, உயர்ந்த குதிகாலோடு அதற்குள்ளிருந்து வெளியே வந்தார். லேஸ் ஒரு சாண் அளவுக்குக் கிழிந்தது. முகத்துணி உறைகள் ஒரு பெட்டிக்குள் போய்விட்டதால் தலை வழியாகக் கழற்றிய ஆறு உடைகளில் நான்கின் கழுத்துப் பகுதியில் முகப்பூச்சு ஏறியது.

இத்தனைக்கும் நடுவில் வாடகை வண்டி காத்திருக்கிறதென்று ஸ்டாண்டுகளை முதலில் கழற்றி ஏற்றத் தொடங்கினார்கள். மாட்ட இடமில்லாத உடைகள் விரிப்பின் மீது குவிந்தன. அந்த விரிப்பின் மீது அதற்குள் எல்லோரும் காலணியோடு நடந்திருந்தார்கள். வரும்போது ஒவ்வோர் உடைக்கும் எண்ணிட்ட உறை, உறையில் என்னென்ன உண்டு என்ற சீட்டு, கையெழுத்து எல்லாம் இருந்தன. போகும்போது அந்தச் சீட்டுகளை யாரும் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நகைகளை மட்டும் கையெழுத்து வாங்கி எண்ணி ஒப்படைத்தார்கள், அது கடன் வாங்கியது என்பதால். அந்த ஒழுங்கு அவர்களுக்குத் தெரியாததல்ல, உடைகளுக்கு அது வேண்டுமென்று அவர்கள் நினைக்கவில்லை என்பதே என்னை அதிகம் வருத்தியது. 20ஆம் எண் வெய்ல் மறுநாள் மாலையில் ஒலிபெருக்கி கம்பிகளுக்கான பெட்டியிலிருந்து திரும்பி வந்தது.

இத்தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது சிறு சிரமமாகத் தோன்றலாம். ஆனால் எங்களுக்கு அணிவகுப்பின் வணிகம் மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. நியூயார்க்கில் ஏப்ரலிலும் அக்டோபரிலும், பார்சிலோனாவில் ஏப்ரலிலும் நடக்கும் மணப்பெண் உடை வாரங்களானாலும், என்னைப் போன்ற சிறியவர்களின் தனி நிகழ்ச்சியானாலும் நடைமுறை ஒன்றுதான்: மேடையில் பார்த்ததைக் கடைக்காரர்கள் நேரில் வந்து தொட்டுப் பார்த்து, உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து, அதன் பிறகே ஆர்டர் கொடுப்பார்கள். மணப்பெண்கள் திருமணத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே உடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தைத்து முடிக்க நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகின்றன. அந்த நீண்ட சங்கிலியின் முதல் கண்ணி இந்த மாதிரி உடைதான், அதுவும் ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. மாற்று கிடையாது. அன்றிரவு நானும் என் தையல்காரர்கள் மூவரும் விடியும் வரை வளையம் தைத்தோம், கறை எடுத்தோம். கிழிந்த லேஸை மூடப் பூக்களை வெட்டி ஒட்டுத்தையல் போட்டோம். அந்த உடையை மட்டும் மறுநாள் சந்திப்புகளில் காட்டவில்லை, அதைத்தான் மூன்று கடைக்காரர்கள் கேட்டார்கள்.

ஊக்குகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். காலையில் ஒரு கடையிலிருந்து வந்த பெண், ஐந்தாம் உடையைத் தாமே அணிந்து பார்க்க விரும்பினார். முதுகைச் சேர்த்துப் பிடித்தபோது அவர் சட்டென்று கையை எடுத்தார். ஃபிட்டிங்கில் குத்திய ஊக்கு ஒன்று மடிப்புக்குள் திறந்தபடி இருந்தது. விரலில் ஒரு துளி இரத்தம், துணியில் படவில்லை, அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். எத்தனை ஊக்கு குத்தப்பட்டது என்று உடைச் சீட்டில் எழுதி, கழற்றியதும் அத்தனையும் வந்துவிட்டனவா என்று எண்ணுவது எங்கள் தையலறையில் கற்றுக்குட்டிக்கும் விதிக்கப்பட்ட கடமை. எடை வரைக்கும் கேட்ட அந்தப் படிவத்தில் ஊக்குகளுக்கு ஒரு கட்டம் இல்லை.

புகாரைக் கேட்டுக்கொண்ட விதத்தில் அவர்களைக் குறை கூற முடியாது. நிறுவனத்தின் தலைவர் மறுவாரமே நேரில் வந்து உடைகளைப் பார்த்தார். லேஸ் செலவை ஏற்றுக்கொண்டார். ஆனால் அவர் அளித்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அரங்கத்தை ஒப்படைக்கும் நேரம் நெருங்கிவிட்டது, கூடுதல் மணிக்கு அரங்கத்தார் தனிக் கட்டணம் கேட்பார்கள், எல்லா வாடிக்கையாளரும் அந்தக் கட்டணத்தைத் தவிர்க்கவே விரும்புகிறார்கள் என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தொடக்கக் காட்சிக்கென்று ஊதா விளக்குக்குச் செலவிட்டதை விட்டுவிட்டு அந்த ஒரு மணி நேரத்தை வாங்கியிருப்பேன். அவர்களின் மதிப்பீட்டுப் பட்டியலில் மேடை, விளக்கு, ஒலி, மாடல்கள், பணியாளர்கள் என்று இறுதி நடை வரைக்கும் ஒவ்வொன்றும் பிரித்தெழுதப்பட்டிருக்கிறது. அதற்குப் பிந்தைய வேலை முழுவதும் ‘கலைத்தல், ஏற்றுதல்’ என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வரியில் என் உடைகளும் ஸ்டாண்டுகளும் ஒரே பொருளாகக் கணக்கிடப்பட்டிருந்தன என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது நானும் கவனிக்கவில்லை.

நான்கைந்து உடைகளை மட்டும் காட்ட விரும்புபவர்களுக்கு இந்த நிறுவனம் பெரிது. தங்கள் ஆட்கள் இருவர் மூவர் உடனிருந்தால் பின்னறையைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். பதினைந்துக்கு மேல், அதுவும் கனத்த உடைகளோடு மேடையேறுபவர்களுக்கு இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், கழற்றும் வேலைக்குச் சொந்த ஆட்களை நிறுத்திக்கொள்ளும் நிபந்தனையோடு. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மேடை வாசல் வரைக்கும் ஐந்து, வாசலில் திரும்பி வந்த பிறகு ஒன்றரை.

அடுத்த பருவத்துக்கும் அவர்களையே கேட்டிருக்கிறேன். ஒப்பந்த வரைவில் நான் மூன்று வரிகளைச் சேர்த்து அனுப்பினேன்: அணிவிக்கும் பணியாளர்கள் கடைசி உடை உறைக்குள் போய் ஜிப் மூடும் வரை இருப்பார்கள், அதுவரை ஒரு ஸ்டாண்டும் அசையாது, ஒவ்வோர் உடையும் சீட்டோடும் ஊக்கு எண்ணிக்கையோடும் கையெழுத்துப் பெற்று ஒப்படைக்கப்படும். முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டு பதில் வந்திருக்கிறது. ஊக்குகளை எண்ணுவது நடைமுறையில் கடினம் என்று மேலாளர் எழுதியிருக்கிறார். அந்த மூத்த பெண்மணியிடம் கேட்டுவிட்டு மீண்டும் எழுதுமாறு பதில் அனுப்பியிருக்கிறேன்.